தக்கை அடைத்த பன்னிரண்டு பாட்டில்கள்



ஓய்வு பெற்ற வரலாற்று வாத்தியார் பீர் பாட்டிலைப் பற்றி எழுதுகிறாரே என்று யாரும் பதற வேண்டாம். நான் குடித்ததில்லை. இந்த வயதில் தொடங்கும் உத்தேசமும் இல்லை. ஒரு தாயும் மகனும் என்னிடம் கேட்ட கேள்விக்குப் பதில் தேடப் போய், அது நம் மாவட்டத்தின் கதையாகவே விரிந்துவிட்டது. கொஞ்சம் நீளமான பதிவு. ஞாயிற்றுக்கிழமை ஆற அமரப் படியுங்கள்.

போன மாதம் ஒரு காலையில் என்னிடம் படித்த மாணவன் ஒருவனின் அம்மா வீட்டுக்கு வந்தார். (இருவரிடமும் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம். தெரிந்தவர்களும் பின்னூட்டத்தில் போட வேண்டாம்.) பையன் இப்போது பெல்ஜியம் நாட்டில், லூவன் நகரில் வேலையில் இருக்கிறான். வந்த அம்மா திண்ணையிலேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டார்.

"சார், நீங்க சொன்னாத்தான் அவன் கேப்பான். வீட்டுக்குக் கீழ ஒரு ரூம்பு இருக்குது. அதுல பாட்டில் பாட்டிலா அடுக்கி வெச்சிருக்கான். பேத்தி போனைத் தூக்கிக்கிட்டு ஓடுனா, அப்பத்தான் பாத்தேன். எல்லாம் சரக்கு பாட்டிலு சார்."

அவர் ஏன் அழுதார் என்பது எனக்குத் தெரியும். 1981-ல் சாராயக்கடைகள் திறந்தன. 1986-ல் அவருடைய கணவர் இறந்தார். இடையில் இருந்த ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் என்னென்ன போயின என்று இந்தத் தெருவுக்கே தெரியும். அதன் பிறகு ராகி அறுப்புக்கும் மல்பெரி இலை பறிக்கவும் போய்த்தான் அந்தப் பிள்ளையைப் படிக்க வைத்தார். அவன் ஆறாம் வகுப்பில் என் முன்னால் வந்து உட்கார்ந்தபோது தகப்பன் இல்லாத பிள்ளை.

அன்று இரவே பையனிடம் பேசினேன். சொன்னான்: "சார், மகள் பிறந்த வருஷம் வாங்கினது. மொத்தம் 12 பாட்டில். தக்கை வெச்சு, கம்பி கட்டின பெரிய பாட்டில். இங்க இது வழக்கம். அவளுக்குப் பதினெட்டு முடியும்போது திறக்கலாம்னு வெச்சிருக்கேன். இதுவரைக்கும் ஒண்ணுகூட திறக்கல. அம்மாவுக்கு இதை எப்படிச் சொல்றதுன்னு தெரியல. எதுக்கும் ஒரு வரலாறு இருக்குன்னு நீங்கதானே சொல்வீங்க, சொல்லுங்க சார்."

மாணவன் கேட்டால் வாத்தியார் சொல்லித்தானே ஆகவேண்டும்? இதோ.

1. தகடூரில் இருந்து தொடங்குவோம்

நம் தருமபுரிதான் பழைய தகடூர். அதியமான் நெடுமான் அஞ்சி ஆண்ட ஊர். நெல்லிக்கனிக் கதையை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன்! ஆனால் அந்தக் கதையோடு சேர்த்துச் சொல்ல வேண்டிய இன்னொன்றைப் பள்ளிக்கூடத்தில் சொன்னதில்லை. அதியமான் இறந்தபோது ஔவையார் பாடிய புலம்பல் புறநானூற்றில் 235-ஆம் பாட்டாக இருக்கிறது. அதன் தொடக்கமே கள்தான். கொஞ்சம் கிடைத்தால் தான் குடிக்காமல் எங்களுக்குக் கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாடப் பாடத் தானும் உண்டு மகிழ்வான் என்று சொல்லி அழுகிறார் ஔவை. இன்னொரு பாட்டில், நடுகல்லாகிவிட்ட அவனுக்குச் சின்னக் கலத்தில் கள்ளை வார்க்கிறார்களே, அதை ஏற்றுக்கொள்வானா என்று கேட்கிறார். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக நிற்கும் நடுகற்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்தப் பாட்டு நினைவுக்கு வரும்.

கள் அன்று ஊருக்குப் பொது. பகிர்ந்து குடிப்பது. இதில் நாம் கவனிக்க வேண்டியது, அதை முதிர வைக்கும் வழக்கமும் அன்றே இருந்தது என்பதை. பாரியின் பறம்பு நாட்டைப் பாடும் கபிலர், நிலத்தில் புதைத்து வைத்துப் பக்குவமாக்கிய தேறலைச் சொல்கிறார். மலைபடுகடாம், மலைவாழ் மக்கள் மூங்கில் குழாயில் ஊற்றி விளையவைத்த தேன் தேறலைச் சொல்கிறது. பாண்டியன் நன்மாறனைப் பாடும் நக்கீரர், யவனர் நல்ல கலங்களில் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைச் சொல்கிறார். புதுச்சேரிக்குப் பக்கத்தில் அரிக்கமேட்டில் 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது, இந்த யவனக் கலங்களின் உடைந்த ஓடுகளே கிடைத்தன. இரண்டு பக்கமும் கைப்பிடி வைத்த, அடி கூம்பிய ஆம்போரா ஜாடிகள் அவை. அவற்றின் வாயைத் தக்கையாலும் சாந்தாலும் பிசினாலும் அடைப்பது அந்த நாட்டு வழக்கம்.

மண்ணுக்குள் புதைப்பது, மூங்கிலுக்குள் அடைப்பது, வாய் அடைத்த ஜாடி என்ற மூன்றும் செய்வது ஒரே வேலைதான். வெளிச்சம் படாமல், சூடு ஏறாமல், காற்றுப் புகாமல் காப்பது. லூவனில் வீட்டுக்குக் கீழே அறை வைத்திருக்கிறார்களே, அதுவும் இதே மூன்றுக்காகத்தான்.

2. கள் ஏன் நிற்காது?

சங்கப் பாட்டில் முதிர்ந்த தேறல் இருந்தாலும், நம் ஊர் மக்கள் அன்றாடம் குடித்த மரத்துக் கள் வைத்திருக்கக்கூடிய பொருளல்ல. பனை, தென்னை, ஈச்சை எதுவானாலும் பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிப்பான சாறு. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவினால் நொதிக்காது, பதநீராக இறங்கும். சுண்ணாம்பு தடவாவிட்டால் பானையிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட் உடனே வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது மதியம் கள். மறுநாள் புளிப்பு. இன்னும் சில நாள் விட்டால் காடி. நம் வெயிலில் இந்த ஓட்டத்தை யாராலும் நிறுத்த முடியாது. ஒரு கணக்கு சொல்வார்கள்: வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினையின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். சித்திரை மாதத்தில் நம் ஊரில் என்ன ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

எனவே கள் அன்றன்றே இறக்கி, அன்றன்றே விற்று, அன்றன்றே தீர வேண்டிய சரக்கு. மரம் ஏறுபவர், விற்பவர், குடிப்பவர் மூவரும் சில மைல் சுற்றளவுக்குள் இருந்தாக வேண்டும். தொலைதூரத்து வியாபாரி யாரும் அதைக் கைப்பற்றிக் கப்பலேற்ற முடியாது. "நாளைக்கு வைத்துக்கொள்ளலாம்" என்ற பேச்சே கள்ளுக்குக் கிடையாது.

என் மாணவன் இருக்கும் ஊருக்குப் பக்கத்திலும் கள்ளுக்கு ஒரு தம்பி உண்டு. பிரஸ்ஸல்ஸ் நகரத்தைச் சுற்றியுள்ள பகுதியில் லாம்பிக் என்றொரு பீர் செய்கிறார்கள். கோதுமையும் முளைகட்டிய பார்லியும் சேர்த்துக் காய்ச்சிய சாற்றை, குளிர்கால இரவில் அகலமான ஆழமில்லாத தொட்டியில் திறந்து வைத்துவிடுவார்கள். காற்றிலும் அந்தக் கட்டடத்திலும் வாழும் ஈஸ்ட் தானாக வந்து சேரும். யாரும் உறை ஊற்றுவதில்லை. நம் கள்ளும் இப்படித்தானே நொதிக்கிறது? ஆனால் கள் ஒரு நாளில் முடிந்துபோகிறது. லாம்பிக் மரப் பீப்பாயில் ஒன்று முதல் மூன்று ஆண்டு கிடக்கிறது. பிறகு இளையதும் முதியதுமாகக் கலந்து, தடித்த பாட்டிலில் ஊற்றி, தக்கை அடித்துக் கம்பி கட்டுகிறார்கள். அதற்குப் பெயர் கூஸ். பாட்டிலுக்குள் அது மறுபடி நொதிக்கும். சரியாக வைத்தால் இருபது ஆண்டு வரைகூடத் தாங்கும் என்கிறார்கள்.

ஒரே மாதிரிப் பிறந்த இரண்டுக்கும் ஏன் இவ்வளவு வித்தியாசம்? முதல் காரணம் குளிர். இரண்டாவது காரணம் ஹாப்ஸ் என்னும் கசப்புப் பூ. பாலைத் தயிராக்கும் வகைப் பாக்டீரியாக்கள் பலவற்றை அந்தக் கசப்பு அடக்கிவைக்கும். மூன்றாவது காரணம் தக்கை.

3. தக்கை வந்த கதை

என் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சின்ன வயதில் சோடா மூடி பொறுக்குவோம். மூடியின் உட்புறம் மெல்லிய வட்டமாகத் தக்கை ஒட்டியிருக்கும். அதை நகத்தால் பெயர்த்துவிட்டு, மூடியைத் தட்டையாக அடித்து, இரண்டு ஓட்டை போட்டு, நூல் கோத்து "விர்ர்" என்று சுற்றுவோம். அந்தத் தக்கை எங்கிருந்து வந்தது என்று அப்போது யோசித்ததில்லை.

போர்ச்சுகல், ஸ்பெயின், வட ஆப்பிரிக்கா பக்கம் வளரும் ஒருவகை ஓக் மரத்தின் பட்டைதான் தக்கை. மரத்துக்கு ஏறக்குறைய 25 வயது ஆனபின் முதல் பட்டையை உரிப்பார்கள். பிறகு ஒன்பது ஆண்டுக்கு ஒருமுறை. மரம் சாகாது, பட்டை மறுபடி வளரும். அறிவியல் படித்தவர்களுக்கு ஒரு செய்தி: 1665-ல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தது இந்தத் தக்கையின் சீவலைத்தான். அதில் தெரிந்த சின்னச் சின்ன அறைகளுக்கு அவர் வைத்த பெயரே இன்று நாம் சொல்லும் "செல்". அந்த அறைகளுக்குள் காற்று அடைபட்டிருப்பதால் தக்கை அமுக்கினால் சுருங்கும், விட்டால் விரிந்து பாட்டில் கழுத்தை இறுக்கிப் பிடிக்கும்.

பாட்டிலில் பீரை அடைத்து வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை சொல்வார்கள். லண்டன் புனித பவுல் தேவாலயத்தின் தலைவராக இருந்த அலெக்சாண்டர் நோவெல் மீன் பிடிக்கப் போன இடத்தில், பாட்டிலில் கொண்டுபோன பீரை மறந்து விட்டுவிட்டு வந்தாராம். சில நாள் கழித்துப் போய்த் திறந்தால் துப்பாக்கி வெடித்தது போலச் சத்தம். இவர் 1602-ல் இறந்தவர். கதை எவ்வளவு உண்மையோ, உள்ளே இருக்கும் வேதியியல் உண்மை. அடைத்த பாட்டிலுக்குள் ஈஸ்ட் வேலை செய்துகொண்டே இருக்கும், கரியமில வாயு சேர்ந்துகொண்டே போகும். தக்கைக்கு மேல் கம்பி கட்டுவது அதனால்தான்.

இந்தப் பீர் நம் நாட்டுக்கு வந்த வழி நமக்குத் தெரிந்த வழியே. கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பல். லண்டன் துறைமுகத்துக்குப் பக்கத்தில் போ என்னும் இடத்தில் ஹாட்ஜ்சன் என்பவரின் வடிசாலை இருந்தது. அவர் கப்பல் தலைவர்களுக்கு ஒன்றரை ஆண்டு வரைகூடக் கடன் கொடுத்தார். அவர்கள் அந்தப் பீரைச் சென்னைக்கும் கல்கத்தாவுக்கும் கொண்டுவந்து விற்றார்கள். ஆப்பிரிக்காவைச் சுற்றி வர நான்கு முதல் ஆறு மாதம். நிலநடுக்கோட்டை இரண்டு முறை தாண்ட வேண்டும். ஹாப்ஸ் கூடுதலாகப் போட்ட அந்த வெளிர்நிறப் பீர், கப்பலின் அடித்தளத்தில் ஆடி ஆடி வரும்போதே முதிர்ந்துவிட்டது. வீட்டு நிலவறையில் நீண்ட நாள் ஆக வேண்டிய வேலையை வெப்பமும் கடலும் சில மாதத்தில் முடித்துவிட்டன. 1820-களில் பர்ட்டன் நகரத்து ஆல்சப், பாஸ் ஆகியோரும் இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். இன்று உலகமெங்கும் "இந்தியா பேல் ஏல்" என்று விற்கிறார்களே, அதில் நம் நாட்டின் பெயர் ஒட்டிக்கொண்ட கதை இது.

சரி, இங்கே வந்து சேர்ந்த பாட்டிலை எப்படிக் குளிர வைத்தார்கள்? வெடியுப்பைத் தண்ணீரில் கரைத்தால் தண்ணீர் சில்லிடும். அதற்குள் பாட்டிலை வைத்துச் சுழற்றிக்கொண்டே இருக்க "ஆப்தார்" என்று தனி வேலையாளே வைத்திருந்தார்கள் துரைமார்கள். பிறகு அமெரிக்காவிலிருந்து ஃபிரெடரிக் டியூடர் ஏரிப் பனிக்கட்டியையே கப்பலில் அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் 1842-ல் கட்டிய அவருடைய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். 1850-களில் எட்வர்ட் டயர் இமயமலை அடிவாரத்துக் கசௌலியில் பீர் வடிசாலை தொடங்கினார். அவர் மலைக்கு ஏறியதும் குளிரைத் தேடித்தான்.

4. ஏலம் போன ஊர்

நம் பாராமகால் பகுதி 1792-ல் திப்புவிடமிருந்து கம்பெனி கைக்கு வந்தது. அலெக்சாண்டர் ரீடின் உதவியாளராகத் தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலவரி பார்த்தது நீங்கள் படித்ததுதான். நிலத்தோடு குடிக்கும் வரி போட்டார்கள். கள், சாராயம் விற்கும் உரிமையை ஏலம் விட்டார்கள். 1886-ல் சென்னை அப்காரிச் சட்டம் வந்தது. மரத்துக்கு வரி, கடைக்கு ஏலம் என்று அது இறுகியது. அதியமான் பகிர்ந்து கொடுத்த கள், குத்தகைக்காரரின் சரக்காயிற்று. குத்தகை எடுத்தவருக்குப் போட்ட பணம் திரும்பி வரவேண்டும். அப்படியானால் ஊர் நிறையக் குடிக்க வேண்டும். காய்ச்சி வடித்த சாராயமோ கெட்டுப்போகாது. எவ்வளவு நாள் வைத்தும், எவ்வளவு தூரம் கொண்டுபோயும் விற்கலாம். வைத்திருக்கக்கூடிய சரக்கு என்பதால் வியாபாரிக்கும் அரசுக்கும் அது கள்ளைவிட வசதி. இந்த இடத்தை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள், பிறகு திரும்ப வருவேன்.

எதிர்ப்பும் நம் பக்கத்திலிருந்தே கிளம்பியது. ஒத்துழையாமை இயக்கத்தில் கள்ளுக்கடை மறியல் ஒரு முக்கியமான பகுதி. பெரியார் தம் தோப்பில் இருந்த ஐந்நூறுக்கும் மேற்பட்ட தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். அந்தக் காலத்தில்தான் சுப்பிரமணிய சிவா நம் ஊருக்கு வந்தார். சிறையில் பிடித்த தொழுநோயோடு இங்கே ஆசிரமம் அமைத்து, 1923-ல் சித்தரஞ்சன் தாஸை அழைத்துப் பாரதமாதா ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டினார். 1925 ஜூலை 23 அன்று இங்கேயே கண்மூடினார். அதே 1925-ல் ராஜாஜி திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் காந்தி ஆசிரமம் தொடங்கினார். அங்கிருந்து மதுவிலக்குக்கென்றே "விமோசனம்" என்ற பத்திரிகை வந்தது. அதில் வேலை பார்த்த இளைஞர்தான் பின்னாளில் பெரும் எழுத்தாளரான கல்கி.

1937-ல் ராஜாஜி முதலமைச்சரானார் (அன்று பிரதமர் என்பார்கள்). மதுவிலக்கை எங்கே தொடங்கலாம் என்றபோது தேர்ந்தெடுத்தது சேலம் மாவட்டத்தை. 1937 அக்டோபர் 1. அன்று தருமபுரியும் கிருஷ்ணகிரியும் ஓசூரும் சேலம் மாவட்டத்தில்தான் இருந்தன. நம் தனி மாவட்டம் 1965-ல் பிறந்தது. ஆக, சென்னை மாகாணத்தில் முதன்முதலில் கள்ளுக்கடை மூடியது நம் மண்ணில். என் பாட்டி வருடத்தை அப்படித்தான் கணக்கு வைத்திருந்தார்: "கள்ளுக்கடை மூடுன மறுவருசம் உங்கப்பன் பொறந்தான்." மூடிய கடைகளால் போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தார். நாம் இன்று சோப்புக்கும் பேனாவுக்கும் கட்டும் வரியின் பாட்டன் அது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். போர்க்காலத்தில், 1943-ல், மதுவிலக்கு நிறுத்தப்பட்டது. 1948-ல் ஓமந்தூரார் ஆட்சியில் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-ல் தளர்ந்தது. 1974-க்குள் கடைகள் மறுபடி மூடின. 1981-ல் திறந்தன. 1983-ல் டாஸ்மாக் பிறந்தது. 1987 தொடக்கத்தில் கள்ளும் சாராயமும் தடையாயின. 1990-ல் மலிவுச் சாராயம் வந்தது, 1991-ல் போனது. 2003-ல் சில்லறைக் கடைகளும் டாஸ்மாக் கைக்கு வந்தன. கள் இன்றும் தடையில்தான் இருக்கிறது. பாட்டில் சரக்கை அரசே விற்கிறது. சட்டத்தின் பெயர் மட்டும் இன்னும் "மதுவிலக்குச் சட்டம், 1937".

அடிக்கோடு போட்ட இடத்துக்கு வருவோம். ஒரு நாளில் கெட்டுப்போகிற சரக்கு சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. மூடி போட்டு அடுக்கி வைக்கக்கூடிய சரக்கு கடைக்கு வந்துவிட்டது. அடுக்கி வைக்கவும் எண்ணவும் வரி போடவும் தோதானது எதுவோ அது நிலைத்தது. இது தவறு, அது சரி என்று நான் இங்கே தீர்ப்பு எழுதவில்லை. தடை போட்டாலும் சாவு நிற்பதில்லை என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

5. நிலவறையில் என்ன நடக்கிறது?

மாணவன் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கும் தேடிப் படித்துப் பதில் சொன்னேன். குடிக்காதவன் சொல்லும் குறிப்பு என்பதால் சிரித்துக்கொண்டே படியுங்கள்.

எல்லாப் பீரும் வைத்தால் நன்றாகிவிடாது. கடையில் விற்கும் சாதாரண லாகர் பீர் ஆறு மாதத்துக்குள் குடித்து முடிக்கச் செய்தது. வைத்தால் நனைந்த அட்டைப்பெட்டி வாடைதான் வரும். ஹாப்ஸ் மணத்துக்காகச் செய்ததும் அப்படித்தான், மணம்தான் முதலில் போகும். 8 சதவீதத்துக்கு மேல் சாராயச் சத்துள்ள கரும்பீர்களும், கூஸ் போன்ற புளிப்புப் பீர்களும், பாட்டிலுக்குள் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறவையுமே காத்திருக்கத் தக்கவை. அந்த ஈஸ்ட் உள்ளே மிச்சமிருக்கும் காற்றை உறிஞ்சிப் பீரைக் காக்கிறது. கசப்பு மெல்லத் தணியும். உலர்ந்த திராட்சை, பேரீச்சை போன்ற வாசம் ஏறும்.

வெளிச்சம் ஆகாது. வெயிலும் குழல்விளக்கும் ஹாப்ஸ் கசப்பை உடைத்து நாற்றம் பிடித்த ஒரு கந்தகப் பொருளாக மாற்றும். பழுப்புப் பாட்டில் ஓரளவு காக்கும், பச்சைப் பாட்டில் குறைவாகத்தான் காக்கும். வெப்பம் 10 முதல் 14 டிகிரி செல்சியஸுக்குள், ஏறி இறங்காமல் இருக்க வேண்டும். அடிக்கடி எடுத்து ஆட்டிப் பார்க்கக் கூடாது. வாங்கிய தேதியைச் சீட்டில் எழுதி ஒட்ட வேண்டும். அவ்வப்போது தக்கையின் ஓரம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும்.

நிறுத்தி வைப்பதா, படுக்க வைப்பதா? திராட்சை மதுவைப் படுக்க வைப்பார்கள், தக்கை காயாமல் இருக்க. பீரைப் பெரும்பாலும் நிறுத்தி வைக்கச் சொல்கிறார்கள். ஈஸ்ட் வண்டல் அடியில் படியும், காற்றுப் படும் பரப்பும் குறையும். கூஸ் செய்பவர்களில் சிலர் மட்டும் படுக்க வைப்பதே மரபு என்கிறார்கள். என் மாணவன் அந்த வழி. அவனுடைய 12-ம் படுத்துக் கிடக்கின்றன.

இதையெல்லாம் நம் ஊரில் யாரும் முயல வேண்டாம். சித்திரையில் தகரக் கூரைக்குக் கீழ் உயிருள்ள ஈஸ்ட் பாட்டிலை வைத்தால் நோவெல் ஐயா கேட்ட சத்தம் உங்களுக்கும் கேட்கும், கண்ணாடிச் சில்லோடு. வீட்டில் மது காய்ச்சுவதும் அளவுக்கு மேல் வைத்திருப்பதும் நம் சட்டப்படி குற்றம்.

6. அந்த அம்மாவிடம் சொன்னது

இவ்வளவையும் திண்ணையில் உட்கார்ந்து அவருக்குப் புரியும்படி சொன்னேன். கள், கப்பல், தக்கை, ராஜாஜி எல்லாம். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் ஒரே ஒரு கேள்வி.

"அப்ப அவன் குடிக்கிறானா, குடிக்கலியா சார்?"

பொய் சொல்ல வரவில்லை. "குடிக்கிறாம்மா. வாரக் கடைசியில ஒரு டம்ளர்னு சொன்னான். அந்த 12 பாட்டில்ல இருந்து இல்ல."

ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அவங்கப்பா ஒரு ராத்திரிகூட மிச்சம் வெச்சதில்ல சார். சாராயத்த மட்டுமில்ல, எதையும்."

இரண்டாயிரம் ஆண்டு வரலாற்றை நான் சொல்லி முடித்தபின் அவர் சொன்ன இந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் பதில் இல்லை. வெளிச்சம் படாமல், சூடு ஏறாமல், காற்றுப் புகாமல் என்று மூன்று சொன்னேன். நான்காவதாக, காத்திருக்கத் தெரிந்த ஒரு ஆள் வேண்டும். அந்த நான்காவதைக் குடிநோய் முதலில் தின்றுவிடுகிறது. அந்த வீட்டில் அரிசிப் பானையும் வெண்கலக் குடமும் அப்படித்தான் போயின.

மகனுக்கு நான் அனுப்பிய செய்தியையும், அவன் அனுமதியோடு, இங்கே போடுகிறேன். உங்களில் சிலருக்கும் அது பொருந்தும்.

"தம்பி, நீ செய்வது அந்த ஊர் வழக்கம். பெல்ஜிய பீர்ப் பண்பாட்டை யுனெஸ்கோவே 2016-ல் மரபுப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் தகப்பனுக்குக் குடிநோய் இருந்தால் பிள்ளைக்கு அபாயம் கூடுதல் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-ல் சொல்லிவிட்டது. ஒரு டம்ளர் இரண்டாகும் நாள் வந்தால் எனக்கு உடனே போன் செய். பாட்டில்களில் தேதி ஒட்டியிருக்கிறாய். ஒன்றில் மட்டும் 1986 என்றும் எழுதி ஒட்டு. திறக்கும் நாளில் உன் மகள் அது என்ன வருஷம் என்று கேட்பாள். அன்று தாத்தாவைப் பற்றியும், மல்பெரி இலை பறித்த பாட்டியைப் பற்றியும் முழுசாகச் சொல். சொன்ன பிறகும் அவளுக்கு வேண்டாம் என்று தோன்றினால் கட்டாயப்படுத்தாதே. மூடியே இருக்கட்டும்."

"ஒட்டிட்டேன் சார்" என்று படம் அனுப்பினான். அதை அவன் அம்மாவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு உற்றுப் பார்த்தார். அவருக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது, ஆனால் எண் தெரியும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "படுக்க வெச்சிருக்கானே, ஒழுகாதா?" என்று கேட்டார். "தக்கை ஊறி இறுகிக்கும்மா, ஒழுகாது" என்றேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பேத்தியோடு பேசினாராம். மகனோடு பேசினாரா என்று நான் கேட்கவில்லை.

வருடங்களில் எங்காவது பிழை இருந்தால் திருத்துங்கள், வாத்தியார் கோபித்துக்கொள்ள மாட்டேன். கள்ளுக்கடை மூடிய வருஷத்தைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொன்னது ஏதாவது நினைவிருந்தால் கீழே எழுதுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய வரலாற்று வாத்தியார்,
பாப்பாரப்பட்டி.